பிரிட்டாவின் கல்யாணத்துக்கு எட்டுப் பீப்பாய்

கோரின் வேனின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது வாசனைதான். ரூட் பீர் சோடாவின் வாசனை. பெயரில்தான் பீர், குழந்தைகள் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும் தித்திப்புத் தண்ணீர் அது. பற்பசையையும் வெல்லப்பாகையும் ஒன்றாகக் காய்ச்சியதுபோல் நெடியடித்தது. காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி மார்லிஸ் ஓரடி பின்னால் நகர்ந்தாள். வேனுக்குள் எட்டு எஃகுப் பீப்பாய்கள், தொடை உயரத்துக்கு, தலையிலும் அடியிலும் கறுப்பு ரப்பர் கட்டி, பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"அண்ணன் சோடா டிப்போவ மூடறான்ல. இதெல்லாம் பழைய இரும்புக்குப் போக வேண்டியது. நான்தான் குறுக்க நின்னு ஏத்திக்கிட்டு வந்தேன்," என்றாள் கோரின்.

"ரொம்ப உபகாரம். இறக்கி வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"போறதுக்கா இத மாட்டிக்கிட்டு வந்திருக்கேன்?" கோரின் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை மஞ்சள் ரப்பர் கையுறை.

மார்லிஸுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் கடைசி சீட்டு அடங்கிவிடும். ஆனால் கோரினிடம் அந்தப் பார்வை செல்லுபடியாகுமா என்பதை அவள் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. கோரின், மார்லிஸின் முன்னாள் புருஷன் வெர்னின் இப்போதைய பெண்டாட்டி. மினசோட்டாவின் வடக்கே, ஏரிக்கும் காட்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஊரில் ஒரே மளிகைக் கடை, ஒரே தேவாலயம், ஒரே தபால் நிலையம். இருவரும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நேருக்கு நேர் வந்துவிடுவார்கள். "என்ன பனி!" என்பாள் ஒருத்தி. "இன்னும் வரப்போகுதாம்," என்பாள் மற்றவள். கோடையில் பனிக்குப் பதிலாகக் கொசு. அந்த ஊரில் இரண்டு பெண்கள் ஏழு வருஷத்தைப் பனியையும் கொசுவையும் வைத்தே ஓட்டிவிட முடியும், ஓட்டியும் இருந்தார்கள்.

இப்போது பிரிட்டாவுக்குக் கல்யாணம். மார்லிஸுக்கும் வெர்னுக்கும் பிறந்த ஒரே பெண். ஏரிக்கரை ஊர் மண்டபத்தில், ஆகஸ்ட் கடைசியில். சாப்பாடு இன்னது, பூ இன்னது என்பதையெல்லாம் பிறர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள் பிரிட்டா. ஒன்றில் மட்டும் பிடிவாதம். "பீர் உன்னோடதுதாம்மா. கடையில வாங்கினது ஒரு சொட்டு வரக்கூடாது."

மார்லிஸ் அன்று பதில் சொல்லாமல் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். காரணம், அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை. பிரிட்டா பள்ளிப் படிப்பை முடித்த கோடையில் வீட்டுத் தோட்டத்தில் விருந்து வைத்தார்கள். மார்லிஸ் அதுவரை வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில்தான் அடைத்து வந்தாள். அந்த விருந்துக்காக முதன்முதலாக ஒரு பழைய சோடாப் பீப்பாய் வாங்கினாள். வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவியதோடு சரி. ரப்பருக்கு நினைவு அதிகம் என்று அவளுக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் சோடாவில் ஊறிய வளையங்கள் தங்கள் வாசனையை அவள் பீருக்குள் இறக்கின. மூடி சரியாகப் பொருந்தாமல் கேஸ் முழுவதும் கசிந்து போயிருந்தது. நுரையே இல்லாத, பற்பசை வாசனையடித்த பழுப்புத் தண்ணீரை வந்தவர்கள் ஒரு வாய் குடித்து, "வித்தியாசமா இருக்கு," என்று சொன்னார்கள். அந்த ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. பிறகு ஒவ்வொருவராக வேலியோரம் இருந்த லைலாக் பூச்செடியைப் பார்க்கப் போவதுபோல் போய் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். வெர்ன் சத்தமாகச் சொன்னான்: "கவலைப்படாதீங்க, இந்த வருஷம் லைலாக் போதையில பூக்கும்!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். அதன்பின் தபால் நிலையத்தில், பஸ் நிறுத்தத்தில், தேவாலய வாசலில், "லைலாக் எப்படி இருக்கு மார்லிஸ்?" அந்தக் குளிர்காலத்தில் வெர்னும் அவளும் பிரிந்தார்கள். பிரிந்ததற்கு இது காரணமில்லை, நிஜமான காரணங்கள் பல இருந்தன. ஆனாலும் அந்தச் சிரிப்பு காதில் விழுந்த கணத்தில்தான் ஏதோ ஒன்று தனக்குள் நின்றுபோனதாக அவளுக்குத் தோன்றும். பீர் காய்ச்சுவதை அவள் விடவில்லை. முன்பைவிட அதிகமாகக் காய்ச்சினாள், நன்றாகவும் காய்ச்சினாள். பாட்டிலில் அடைத்துத் தானே குடித்தாள், பிரிட்டாவுக்குக் கொடுத்தாள். ஊரார் வாயில் மட்டும் ஒரு சொட்டுப் படவிடவில்லை.

கடைசியில் மகளுக்குச் சரி என்று சொன்னபோது வெர்ன் தொலைபேசியில் கூப்பிட்டான். "ரொம்ப நல்ல விஷயம் மார்லி. நான் எதுக்கும் கடை பீரு ரெண்டு பெரிய பீப்பாய் ஐஸ்ல போட்டு வண்டியில கொண்டாந்து நிறுத்தி வைக்கிறேன். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு." அவன் குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று அவள் மூன்று நாள் யோசித்தாள்.

பீர் தயாராக இருந்தது. கோடை முழுக்கக் காய்ச்சியது நிலவறையில் மூடியிட்ட வாளிகளில் புளித்து, தெளிந்து, அடங்கிக் கிடந்தது. இந்தச் சனி ஞாயிறுக்குள் பீப்பாய்க்கு மாற்றிக் குளிரில் வைத்துக் கேஸ் ஏற்றினால்தான் இரண்டு வாரத்தில் வரும் கல்யாணத்துக்குப் பதமாக இருக்கும்.

கராஜில் வேலை தொடங்கியது. மார்லிஸ் ஒரு பீப்பாயின் மூடியில் இருந்த சின்ன வளையத்தை இழுத்து, உள்ளே அடைபட்டிருந்த பழைய கேஸை வெளியேற்றிக் காட்டினாள். "இத மொதல்ல செய்யணும். இல்லாட்டி கழட்டுற முனை மூஞ்சியில வந்து அடிக்கும்." பிரித்தெடுக்க அதிகமில்லை. முட்டை வடிவத்தில் ஒரு மூடி. தலையில் இரண்டு முனைகள், ஒன்று கேஸ் உள்ளே போக, மற்றது பீர் வெளியே வர. முனைக்குள் நகத்தளவு ஸ்பிரிங் வால்வு. அதற்குக் கீழே ஒன்றில் குட்டைக் குழாய், மற்றதில் அடிவரை போகும் நெட்டைக் குழாய். இவற்றையெல்லாம் இறுக்கிப் பிடிக்க ஐந்து ரப்பர் வளையங்கள். பழைய வளையங்களைத் தூர எறிய வேண்டும். மற்றவற்றைச் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட வேண்டும். மார்லிஸ் அலமாரியிலிருந்து காலியான காப்பி டின்களை எடுத்து வைத்தாள். அப்போது வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

பிரிட்டாதான். யார் யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்பதில் அழுகை வரும் நிலையில் இருந்தாள். மாப்பிள்ளை வெஸ்லியின் சித்தப்பா ரோலண்டும் அத்தையும் பேசிக்கொள்வதில்லையாம். மார்லிஸ் அவளைச் சமாதானப்படுத்திவிட்டுக் கராஜுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது.

கோரின் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பெருமையோடு நிமிர்ந்தாள். எட்டுப் பீப்பாய்களும் மூடியில்லாமல், முனையில்லாமல், வாய் பிளந்து நின்றன. "எல்லாத்தையும் கழட்டிட்டேன். பாருங்க, ஒண்ணு கூட விடல." நடுவில் துணி ஊற வைக்கும் பெரிய தொட்டி. அதற்குள் எட்டுப் பீப்பாய்களின் முனைகளும் வால்வுகளும் குழாய்களும் மூடிகளும் ஒரே குவியலாகச் சோடா நீரில் ஊறிக்கொண்டிருந்தன. காப்பி டின்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

மார்லிஸ் தொட்டிக்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாச்சு?"

"இதெல்லாம் ஒரே கம்பெனி செஞ்சதில்ல," என்றாள் மார்லிஸ் மெதுவாக. "மூணோ நாலோ கம்பெனி. ஒண்ணோட திருகு மறை இன்னொண்ணுல ஏறாது. ஏறுற மாதிரி இருக்கும், அப்புறம் கசியும். அதுக்குத்தான் டின்னு. ஒரு பீப்பாய்க்கு ஒரு டின்னு."

கோரினின் முகத்திலிருந்து பெருமை வடிந்தது. "நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்றதுக்குள்ள ஃபோன் வந்துது! கேக்காம யாரு உங்கள கைய வைக்கச் சொன்னா? கேக்காம எடுக்குறதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு!"

சொன்ன பிறகுதான் அது பீப்பாயைப் பற்றியது இல்லை என்று இருவருக்கும் கேட்டது. ஏழு வருஷமாகப் பனியிலும் கொசுவிலும் புதைத்து வைத்திருந்தது கராஜின் சிமெண்டுத் தரையில் வந்து விழுந்துவிட்டது. தொட்டியில் ஏதோ ஒரு குழாய் சரிந்து 'டிங்' என்றது.

கோரின் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். போகப் போகிறாள் என்று மார்லிஸ் நினைத்தாள். அவள் போகவில்லை. கையுறைகளை மடித்துத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"வெர்ன நான் ஒண்ணும் உங்க வீட்டுக்குள்ள புகுந்து எடுத்துக்கிட்டுப் போகல. நீங்க வாசல்ல வச்சிருந்தீங்க. வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

வேண்டாத சோபாவையும் பழைய தையல் மெஷினையும் ஊரில் எல்லோரும் வாசலில் வைப்பார்கள், 'இலவசம்' என்று அட்டை எழுதி. அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் மீன் தூண்டிலோடு வெர்ன் தெருவோரம் நிற்கும் காட்சி மார்லிஸின் கண்ணுக்கு முன்னால் வந்தது. மழையில் நனைந்தபடி. மூன்று நாளாக யாரும் எடுக்காமல். முதலில் அவள் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோரின் சற்று நேரம் பயந்துபோய்ப் பார்த்துவிட்டு, அவளும் தொற்றிக்கொண்டாள்.

"நல்ல ஓட்டத்துல இருக்குன்னு எழுதியிருந்தேனா?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள் மார்லிஸ்.

"எழுதியிருந்தா திருப்பிக் கொடுத்திருப்பேன். குளிர்காலத்துல ஸ்டார்ட்டே ஆகறதில்ல."

அதன்பின் வேலை வேறு மாதிரி நடந்தது. மார்லிஸ் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். எல்லாவற்றையும் அலசி அதன்மேல் பரப்பினார்கள். முனைகளை முதலில் பிரித்தார்கள். ஆறு பட்டை உள்ளவை ஒரு பக்கம், பன்னிரண்டு பட்டை உள்ளவை ஒரு பக்கம். அடியில் வெட்டு விழுந்திருந்தால் அது கேஸுக்கு, இல்லாவிட்டால் பீருக்கு. மறையின் நெருக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்து மேலும் பிரித்தார்கள். ஸ்பிரிங் வால்வுகள்தான் உயிரை வாங்கின. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. சிலவற்றுக்கு மூன்று கால், சிலவற்றுக்கு நான்கு. ஒன்று மயிரிழை குட்டை. இருவரும் முழந்தாளிட்டு, மூக்கு தரையில் படாத குறையாகக் குனிந்து, ஒன்றை எடுத்துப் பொருத்தி, இல்லை என்று தலையாட்டி, அடுத்ததை எடுத்தார்கள்.

நெட்டைக் குழாய்களுக்குள் நீண்ட தூரிகையை விட்டு உருவினாள் கோரின். உள்ளேயிருந்து கறுப்புப் பாகு நூல்போல வந்தது. "ஐயய்ய, இதையா புள்ளைங்களுக்கு ஊத்திக் குடுத்தோம்?" என்றாள். அவள் அண்ணனின் டிப்போவில் பல வருஷம் கணக்கு எழுதியவள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் மார்லிஸ், புதிய வளையங்களுக்கு வழவழப்புப் பசை தடவியபடி. "நீங்க ஏன் வந்தீங்க? பீப்பாய வேற யார் கிட்டயாவது குடுத்தனுப்பியிருக்கலாம்."

கோரின் தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். "வண்டியில கடை பீரு கொண்டாரப் போறேன்னு அன்னிக்கு சாப்பாட்டு மேசையில சொன்னாரு. சொல்லிட்டு லைலாக் கதைய மறுபடியும் எடுத்தாரு. வெஸ்லி வீட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க, பிரிட்டா உக்காந்திருக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. பிரிட்டா சிரிக்கல." தூரிகையை உதறினாள். "என் வான்கோழிக் கதை ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? மொத வருஷம் நன்றித் திருநாளுக்கு உள்ள இருந்த பிளாஸ்டிக் பைய எடுக்காமயே ஓவன் அடுப்புல வச்சுட்டேன். எத்தன தடவ சொல்லிட்டாருன்னு கணக்கே இல்ல. ஒவ்வொரு தடவையும் அந்த வான்கோழி கொஞ்சம் பெருசாயிட்டே போகுது."

"எனக்கும் தெரியும்," என்றாள் மார்லிஸ். "தபாலாபீசுல கேட்டேன். சிரிச்சேன்."

"சிரிச்சிருப்பீங்க."

"இப்ப சிரிக்கல."

கோரின் அடுத்த குழாயை எடுத்தாள். "சரி, அந்த மூணு கால் வால்வ இப்படித் தள்ளு," என்றாள். 'தள்ளுங்க' எங்கோ கழன்று விழுந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். குழாய், வளையம், வால்வு, முனை. ஸ்பேனரை மார்லிஸ் முறுக்க, பீப்பாய் சுழலாமல் கோரின் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூடியைச் சரித்து உள்ளே விட்டு, நேராக்கி, கம்பியை அழுத்திப் பூட்டி, கேஸ் சிலிண்டரைத் திறந்து அழுத்தம் ஏற்றினார்கள். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்து இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

முதல் பீப்பாயின் முனையைச் சுற்றிக் குமிழிகள் பூத்தன. கழற்றினார்கள், வால்வை மாற்றினார்கள், மறுபடி பூட்டினார்கள். மறுபடி குமிழி. மூன்றாவது வால்வில் சோப்பு நீர் அசையாமல் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அந்த அசையாத சோப்பு நீரைப்போல அழகான ஒன்றைத் தான் சமீபத்தில் பார்க்கவில்லை என்று மார்லிஸுக்குத் தோன்றியது. ஒன்று சரியானால் அடுத்தது எளிதாகும். ஒவ்வொரு துண்டும் தன் வீட்டுக்குப் போய்ச் சேரச் சேர, விரிப்பின் மேல் இருந்த குழப்பம் குறைந்தது. கடைசிப் பீப்பாய்க்கு வந்தபோது விரிப்பில் சரியாக ஒரு பீப்பாய்க்கான உறுப்புகளே மிச்சமிருந்தன. பொருந்தின. ஆனால் மூடியின் ஓரத்தில் மட்டும் சீறிக்கொண்டே இருந்தது. புது வளையம், நிறையப் பசை, ஒன்றும் பலிக்கவில்லை.

"இந்த மூடி இதோடதுதானா?"

"எட்டு மூடிய எட்டுலயும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தா கிறிஸ்துமஸ் வந்துரும்." மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் வலித்தன. ஒரு பீப்பாய் போனால் ஒரு மேசைக்குப் பீர் இல்லை. அந்த மேசை வெர்னின் வண்டியைத் தேடிப் போகும். ஒரு கோப்பை அங்கிருந்து வந்தால் போதும், கதை மறுபடி தொடங்கிவிடும்.

கோரின் கேஸை வெளியேற்றி மூடியை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மனுசனுக்கே தூங்கறப்ப ஒரு பக்கம்தான் ஒத்துவருது," என்று முணுமுணுத்தபடி, மூடியை முன்பின்னாகத் திருப்பி வைத்து உள்ளே விட்டாள். கம்பியைப் பூட்டிவிட்டு, கேஸ் ஏறும் வரை அதன் பிடியை இரண்டு கைகளாலும் மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. சீறல் குறைந்து, மெலிந்து, நின்றது.

மார்லிஸ் சோப்பு நீர் தெளித்தாள். ஒரு குமிழி வந்தது. உடைந்தது. அதற்குப்பின் ஒன்றும் வரவில்லை. கோரின் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, மீன் பிடித்த குழந்தைபோலக் கராஜைச் சுற்றி ஓடினாள்.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும், உடை கூட மாற்றாமல் வந்தாள் கோரின். இரவு முழுவதும் அழுத்தம் நின்றதா என்று பார்க்க வேண்டும். மார்லிஸ் முதல் பீப்பாயின் வளையத்தை இழுத்தாள். 'புஸ்ஸ்!' என்று முழு மூச்சோடு சீறியது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் இரயில் எஞ்சின்போல நெஞ்சு நிறையச் சத்தமிட்டது. கடைசியை இழுக்கும் உரிமையைக் கோரினுக்குக் கொடுத்தாள். அது மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகச் சீறியது. மார்லிஸ் மூடியைக் கழற்றி, குனிந்து உள்ளே முகர்ந்தாள். எஃகு வாசனை. ஈரத்தின் வாசனை. வேறொன்றும் இல்லை. "நீ பாரு," என்றாள். கோரினும் பீப்பாயின் வாயில் முகத்தை வைத்து முகர்ந்தாள். "ஒண்ணுமே இல்ல," என்ற குரல் பீப்பாய்க்குள்ளிருந்து முழங்கியது. கிருமி நீக்கும் கரைசலால் அலசி, அன்று மாலைக்குள் எட்டையும் நிரப்பினார்கள்.

கல்யாணத்தன்று ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. மண்டபத்துக்கு வெளியே, சரிவின் மேல், மாட்டுத் தொட்டி ஒன்றில் ஐஸ் நிரப்பி பீப்பாய்களை இறக்கியிருந்தார்கள். மார்லிஸ் நீல உடையில் இருந்தாள், கோரின் பச்சையில். வெர்னின் வண்டி பைன் மரத்தடியில் நின்றது, பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடி. வெர்ன் அதன்மேல் சாய்ந்து, யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதல் ஆளாக வந்தவர் ரோலண்ட் சித்தப்பா. "பக்கத்துல லைலாக் எதுவும் நட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டபடி கோப்பையை நீட்டினார். வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மார்லிஸ் குழாயை அழுத்தினாள். கோப்பை நிறைய நுரை வந்தது. வெறும் நுரை. பைன் மரத்தடியில் வெர்ன் நிமிர்ந்து பார்ப்பதை அவள் பார்க்காமலே உணர்ந்தாள். கோரின் அவள் முழங்கையில் மெல்லத் தட்டி, "மொதக் கோப்பை அப்படித்தான் வரும்னு நீதானே சொன்ன," என்று காதருகில் சொல்லிவிட்டு, நுரைக் கோப்பையை வாங்கிப் புல்லில் கவிழ்த்தாள். இரண்டாவது கோப்பையில் தேன் நிறத்தில் இறங்கியது. அடியிலிருந்து சின்னச் சின்ன மணிகள் ஏறிக்கொண்டே இருந்தன. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றது.

ரோலண்ட் ஒரு வாய் குடித்தார். மறுபடி குடித்தார். மீசையில் நுரையோடு அவளைப் பார்த்தார். 'வித்தியாசமா இருக்கு' என்று சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"மோசமில்ல," என்றார் ரோலண்ட்.

அந்த ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அதைச் சொல்லிவிட்டு அவர் நகரவும் இல்லை. நின்ற இடத்திலேயே கோப்பையைக் காலி செய்து மறுபடி நீட்டினார். பின்னால் நின்றவர் அவரைத் தோளால் இடித்தார். அதன்பின் மார்லிஸுக்கு நிமிர நேரமில்லை. வரிசை மண்டப வாசல் வரை நீண்டது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகளோடு ஆட்கள் வரிசையிலேயே நின்று சாப்பிட்டார்கள். ஒரு பீப்பாய் தீர்ந்தால் மார்லிஸ் குழாயைக் கழற்ற, கோரின் அடுத்ததில் மாட்டினாள். 'டக்' என்ற அந்தச் சத்தத்துக்கு வரிசை ஒவ்வொரு முறையும் ஆரவாரம் செய்தது. ரோலண்ட் சித்தப்பா தன் பேசாத அக்காவுக்கும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு போனதைப் பிரிட்டாவே வந்து சொன்னாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் எத்தன வருஷமாச் சேந்து காச்சறீங்க?" என்று கேட்டாள். கோரின் சற்றும் யோசிக்காமல், "அத எங்கம்மா கிட்டதான் கேக்கணும்," என்று தங்கச்சியாகவே மாறிவிட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது வரிசையில் வெர்ன் நின்றான். அவனுக்குப் பின்னால் தார்ப்பாய் அவிழ்க்கப்படாமல், கீழே ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கோப்பையை நீட்டி, இந்தப் பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பெண்டாட்டியைப் பார்த்தான். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் எப்பத்துல இருந்து..."

"வரிசை நிக்குது வெர்ன்," என்றாள் கோரின்.

மார்லிஸ் அவன் கோப்பையைச் சிந்தாமல், சரியான நுரையோடு, நிறைத்துக் கொடுத்தாள். அவன் குடித்தான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள், ஏதாவது சொல்வான் என்று. வெர்னிடம் அதற்கான கதை எதுவும் இருக்கவில்லை. மறுபடி குடித்தான். "நல்லாருக்கு மார்லி," என்றான் மெதுவாக. அது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் அதைக் கேட்பதற்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். இப்போது, "அடுத்த ஆளு வாங்க," என்றாள்.

கடைசிப் பீப்பாய் இருமி, காற்றைத் துப்பி, ஓய்ந்தபோது மண்டபத்துக்குள் அக்கார்டியன் இசை தொடங்கியிருந்தது. எட்டும் காலி. கோரின் அவற்றை ஒவ்வொன்றாக ஐஸிலிருந்து தூக்கிப் புல்லில் படுக்க வைத்தாள். கடைசியை அவள் வைத்த இடம் சரிவின் விளிம்பு. அது ஒரு கணம் தயங்கியது. பிறகு நிதானமாக உருண்டது. வேகம் பிடித்தது. நாற்காலி ஒன்றைத் தட்டிவிட்டு, துள்ளி, படகுத் துறையின் ஓரமாகப் பாய்ந்து 'தொப்'பென்று ஏரியில் விழுந்தது. முங்கி எழுந்து மிதந்தது.

"அடியே, பிடி, பிடி!" என்று கத்தினாள் மார்லிஸ்.

கோரின் செருப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பச்சை உடையோடு தண்ணீரில் இறங்கினாள். மார்லிஸும் உடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். மண்டபத்திலிருந்து ஆட்கள் கரைக்கு ஓடி வந்தார்கள், மணப்பெண் எல்லோருக்கும் முன்னால், வெறுங்காலோடு, வெள்ளைப் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் கோரின் எட்டிப் பிடிக்கப் போனாள். அவள் கிளப்பிய அலையே பீப்பாயை இன்னும் ஒரு முழம் தள்ளிவிட்டது. மார்லிஸ் மறுபக்கமாகப் பாய்ந்தாள். நீல உடை தண்ணீரின்மேல் பெரிய குடைபோல விரிந்தது. கரையில் ஊரே கைதட்டியது. மாலை வெயில் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு பீப்பாய் பொன்னாக மின்னியபடி, இரண்டு பெண்களின் விரல்நுனிகளுக்கும் சற்றுத் தள்ளி, அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி மிதந்து போய்க்கொண்டிருந்தது.